எங்கேயோ போயிருக்க வேண்டியவர்கள்

1970 ஜனவரி 20ஆம் தேதி ராத்திரி, அமெரிக்காவில் தியேட்டர் தியேட்டராக ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து ஒரு ஹெவிவெயிட் சண்டையைப் பார்த்தார்கள். முகமது அலியும் ராக்கி மார்சியானோவும் மோதினார்கள். 13ஆவது ரவுண்டில் மார்சியானோ அலியை நாக்அவுட் செய்தார். இதில் இரண்டு சின்னச் சிக்கல்கள். முதலாவது, அப்படி ஒரு சண்டை நடக்கவே இல்லை. இரண்டாவது, ஜெயித்தவர் செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மயாமியில் முர்ரே வோரோனர் என்று ஒரு ரேடியோ தயாரிப்பாளர். 1967இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்கள் 16 பேரை எடுத்துக்கொண்டு, யார் யாரை ஜெயிப்பார்கள் என்று பாக்சிங் விஷயம் தெரிந்தவர்களிடம் வாங்கிய மதிப்பீடுகளை என்சிஆர் 315 என்ற கம்ப்யூட்டருக்குள் போட்டு, அது துப்பியதை ரேடியோ வர்ணனையாக ஒலிபரப்பினார். அதில் அலி, 1899இல் சாம்பியனான ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றுப்போனார். அந்த வருடம்தான் வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று சொன்னதற்காக அலியின் பட்டத்தையும் லைசென்ஸையும் பிடுங்கியிருந்தார்கள். நிஜத்தில் ரிங்குக்குள் விடவில்லை, ரேடியோவில் மட்டும் உள்ளே விட்டுத் தோற்கடிக்கிறார்கள். மனுஷன் 10 லட்சம் டாலர் கேட்டு கேஸ் போட்டார். கடைசியில் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு, மார்சியானோவோடு ஒரு கம்ப்யூட்டர் சண்டையில் நடிக்க ஒப்புக்கொண்டார்.

1969இல் மயாமி ஸ்டுடியோவில் படம் பிடித்தார்கள். மார்சியானோவுக்கு அப்போது 45 வயது. 49 சண்டை, 49 வெற்றி என்று 1956இல் ஓய்வு பெற்றவர். இதற்காக உடம்பைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாகப் பொய்க்குத்து குத்திக்கொண்டார்கள். முடிவைக் கம்ப்யூட்டர்தான் சொல்லும் என்பதால் பல விதமான முடிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 31ஆம் தேதி மார்சியானோ ஒரு சின்ன விமான விபத்தில் இறந்தார். மறுநாள் அவருக்கு 46 பிறந்திருக்கும். தான் ஜெயித்த சங்கதி தெரியாமலே போய்விட்டார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார் என்பது இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ரீஜன் மாறினால் அவுட்புட் மாறும். பத்து வருஷத்துக்கு மேல் சாஃப்ட்வேரில் குப்பை கொட்டியவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் சொன்னது என்று யாராவது சொன்னால், யார் என்ன டேட்டாவை உள்ளே போட்டார்கள் என்று கேட்பதுதான் எங்கள் தொழில் புத்தி. அந்த மெஷின் எந்தச் சண்டையையும் பார்க்கவில்லை. சிலருடைய அபிப்பிராயத்தைச் சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கேள்வியின் போதையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஹாஸ்டலில் டிசி ப்ளஸ் ப்ளஸ்ஸில் யாரோ போட்டுவைத்திருந்த டைசன் நாக்அவுட் தொகுப்பு ஒன்றில் ஆரம்பித்தது எனக்கு. பிறகு யூடியூப், ராத்திரி ரெண்டு மணி, கறுப்பு வெள்ளைப் படங்கள். இன்றைக்கும் ஆபீஸ் கேன்டீனில் எங்கள் டீமில் மூன்று பேர் உட்கார்ந்தால் அரைமணி நேரம் இதுதான் ஓடும். கவனித்தால் ஒன்று தெரியும். யாரும் வெறும் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘66 அலி’ என்பார்கள். ‘88 டைசன்’ என்பார்கள். சாஃப்ட்வேர் வெர்ஷன் நம்பர் மாதிரி வருஷத்தை ஒட்டித்தான் ஆளைக் களத்தில் இறக்குவார்கள். அதற்கு முந்தினதெல்லாம் பீட்டா, பிந்தினதெல்லாம் பக்.

1988 ஜூன் 27, மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் சாய்த்த டைசன்தான் அந்த ‘88 டைசன்’. 20 மாதம்கூட ஆகவில்லை, 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் 10ஆவது ரவுண்டில் விழுந்தார். ரசிகனைக் கேட்டால் டோக்கியோவில் விழுந்தது டைசனே இல்லை என்பான். கோச் கெவின் ரூனியைத் துரத்திவிட்டார், பயிற்சி இல்லை, குடும்பப் பிரச்சினை என்று பட்டியல் வரும். சரி. டக்ளஸின் அம்மா இறந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. 8ஆவது ரவுண்டில் கீழே விழுந்து எழுந்து ஜெயித்தார். அதே வருஷம் அக்டோபரில் உடம்பு போட்டு வந்து, ஹோலிஃபீல்டிடம் மூன்றே ரவுண்டில் பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். டக்ளஸின் ‘பிரைம்’ மொத்தமே ஒரு ராத்திரிதான். அதற்கு யாரும் வெர்ஷன் நம்பர் வைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1992இல் டைசன் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்று மூன்று வருடம் சிறையில் இருந்தார். நாங்கள் அதை ‘வீணாப்போன மூணு வருஷம்’ என்று பேசுவோம், மழையால் நின்ற மேட்ச் மாதிரி. அந்த வழக்கில் ஒரு பெண் இருந்தாள் என்பது எங்கள் கணக்கில் எந்தக் காலத்திலும் ஏறுவதில்லை. ஒரு வீரனின் ‘நிறைவேறாத திறமை’க்காக உச்சுக்கொட்டும்போது வேறு யாருடைய வாழ்க்கையெல்லாம் வெறும் இடைஞ்சலாகிவிடுகிறது என்று பார்த்தால் அந்தச் சொல்லே கொஞ்சம் கசக்கிறது.

காலம் விட்டுக் காலம் ஒப்பிடுவதில் உள்ள நடைமுறைத் தொல்லைகள் ஏராளம். மார்சியானோ சண்டையிட்ட எடை சுமார் 84 கிலோ. இன்றைக்கு அவரை ஹெவிவெயிட்டில் சேர்க்கவே மாட்டார்கள், குரூசர்வெயிட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்துபோன பிறகு, 15 ரவுண்டுச் சண்டைகள் படிப்படியாக 12க்கு இறங்கின. 15 ரவுண்டுக்கு மூச்சைச் சேமித்துவைத்துச் சண்டையிட்டவனையும் 12க்கு அளந்து செலவழிப்பவனையும் எந்தத் தராசில் வைப்பது? ஹாரி கிரெப் என்று ஒருவர் இருந்தார். ஏறத்தாழ 300 சண்டைகள். பின்னாளில் டெம்ப்சியை ரெண்டு தடவை ஜெயித்த ஜீன் டனியை, 1922இல் தோற்கடித்தவர். டனி வாழ்க்கையில் கண்ட ஒரே தோல்வி அது. கிரெப் சண்டையிடும் படச்சுருள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பயிற்சி செய்யும் சில காட்சிகள் மட்டும் இருக்கின்றன. ஆகவே கிரெப்பைப் பற்றிச் சண்டை போடுவது ரொம்ப சௌகரியம். டேட்டாபேஸில் அந்தக் கட்டம் காலி. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம்.

காலியான கட்டம்தான் விஷயமே. அலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 மார்ச்சிலிருந்து 1970 அக்டோபர் வரை, 25 வயதிலிருந்து 28 வரை, ஒரு சண்டை கிடையாது. அந்த மூன்றரை வருடத்தில் எப்படிப்பட்ட அலி இருந்திருப்பார் என்று நினைத்து உருகாத பாக்சிங் ரசிகன் இல்லை. அதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸோடு நடந்த சண்டை. கால் தரையில் பாவாமல் ஆடிக்கொண்டே மூன்றாவது ரவுண்டில் முடித்தார். நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அழகென்றால் அப்படியொரு அழகு. ஆனால் எதிரே நின்ற வில்லியம்ஸ் இரண்டு வருடம் முன்னால் ஒரு போலீஸ்காரர் சுட்டு வயிற்றில் குண்டு வாங்கி, ஒரு சிறுநீரகத்தை இழந்து, பல ஆபரேஷன்களுக்குப் பிறகு திரும்பி வந்தவர். அலியின் உச்சம் என்று நாம் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அந்த ஆட்டம், இன்னொருவனுடைய ‘இருந்திருந்தால்’ மேல் ஆடியது. சுடப்படாத வில்லியம்ஸைப் பற்றி எந்தக் கேன்டீனிலும் விவாதம் நடப்பதில்லை.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு கிளைக்கதை உண்டு. 1980இல் அலி இங்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு ஒரு காட்சிச் சண்டை போட்டார். எல்லிஸ் அலியின் பழைய பயிற்சிக் கூட்டாளி. அதே லூயிவில் ஊர்க்காரர். அலியின் பட்டத்தைப் பிடுங்கியபோது, அந்தக் காலியிடத்துக்கு டபிள்யூபிஏ நடத்திய போட்டியில் 1968இல் ஜெயித்து சாம்பியன் ஆனவர். அலி இல்லாத வருடங்களின் சாம்பியனும் அலியும் நம் ஊர் ரிங்கில் சிரித்துக்கொண்டே தட்டிக்கொண்டார்கள். அலிக்கு அப்போது 38 வயது. ஓய்வு அறிவித்திருந்தார். அந்த அக்டோபரிலேயே திரும்பிப் போய் லாரி ஹோம்ஸிடம் பார்க்கச் சகிக்காத அடி வாங்கினார். அலியைப் பார்த்தேன் என்று சொல்லும் பெரியவர்கள் அது எந்த வருஷத்து அலி என்று அலட்டிக்கொள்வதில்லை. அந்த மனநிலை எங்கள் தலைமுறைக்கு வாய்க்கவில்லை.

என்னுடைய ஆள், மனசு விட்டுச் சொன்னால், சால்வடோர் சான்செஸ். மெக்ஸிகோ, ஃபெதர்வெயிட். 21 வயதில் டேனி லோபஸை ஜெயித்துப் பட்டம் வாங்கினார். 1981 ஆகஸ்டில் வில்ஃபிரடோ கோமஸ் வந்தார். புவர்ட்டோ ரிக்கோக்காரர். அதுவரை ஒரு டிராவைத் தவிர 32 சண்டையிலும் நாக்அவுட் வெற்றி. சான்செஸ் முதல் ரவுண்டிலேயே அவரைக் கீழே தள்ளி, எட்டாவதில் முடித்தார். அவசரமே தெரியாது அவர் ஆட்டத்தில். எதிராளி தப்புச் செய்யும்வரை காத்திருப்பார், 15 ரவுண்டும் காத்திருக்கக்கூடிய நுரையீரல். 1982 ஜூலை 21, மேடிசன் ஸ்கொயர் கார்டனில், வர வேண்டியவர் வராமல் கடைசி நேரத்தில் மாற்று ஆளாக கானாவிலிருந்து அசுமா நெல்சன் என்ற யாருக்கும் தெரியாத ஒருவரை நிறுத்தினார்கள். 13 சண்டை மட்டுமே ஆடியிருந்தவர். சான்செஸைத் திணறடித்தார். 15ஆவது ரவுண்டில்தான் சான்செஸால் சண்டையை முடிக்க முடிந்தது. 22 நாள் கழித்து, ஆகஸ்ட் 12 அதிகாலை, கெரெட்டாரோ அருகே சான்செஸின் போர்ஷே கார் லாரியில் மோதியது. வயது 23. 44 வெற்றி, 1 தோல்வி, 1 டிரா.

இருந்திருந்தால் லைட்வெயிட் வரை போயிருப்பார், ஃபெதர்வெயிட்டில் எக்காலத்துக்கும் இவர்தான் என்று ஆகியிருக்கும். இதை நானே பல தடவை பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன். ஆனால் ஒரு தேதி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நெல்சன் 1958 ஜூலையில் பிறந்தவர். சான்செஸ் 1959 ஜனவரி. தோற்ற நெல்சன் ஜெயித்த சான்செஸை விட ஆறு மாதம் மூத்தவர். அதாவது சான்செஸுக்கு மிச்சமிருந்ததாக நாம் நம்பும் அந்த வருடங்களை நெல்சன் உண்மையிலேயே வாழ்ந்து காட்டினார். 1984இல் இதே கோமஸை, அவருடைய சொந்த ஊரான சான் ஹுவானிலேயே ஜெயித்துச் சாம்பியன் ஆனார். 1988இல் அடுத்த எடைப்பிரிவிலும் பட்டம். 1990இல் பெர்னல் விட்டேக்கரிடம் தோற்றார். 1992இல், 33 வயதில், ஆஸ்திரேலியாவில் ஜெஃப் ஃபெனெக்கை அவர் மண்ணிலேயே எட்டாவது ரவுண்டில் நிறுத்தினார். பிறகு வயதானது, கை மெதுவானது, சின்னப் பையன்களிடம் பட்டத்தை விட்டார். இந்தத் தோல்விகளெல்லாம் நெல்சனின் கணக்கில் கறுப்பு மையில் இருக்கின்றன. சான்செஸுக்கு நாம் நெல்சனின் எதிர்காலத்தைத் தோல்விகளை மட்டும் கழித்துவிட்டுக் கொடுக்கிறோம். எல்லா வாக்குவாதத்திலும் சான்செஸ் ஜெயிப்பதற்குக் காரணம் இதுதான். விட்டேக்கர் அவர் எதிரே வந்து நிற்கவே மாட்டார். முப்பத்தைந்து வயது வரவே வராது.

செத்துப்போனவர்களுக்கு இந்தக் கணக்கு லாபம். உயிரோடு இருப்பவர்களுக்கு அப்படியில்லை.

என் பெரியப்பா மகன் ஒருத்தர் இருக்கிறார். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். ப்ளஸ் டூவில் கணக்கில் 200க்கு 200. எங்கள் சொந்தத்தில் முதல்முதலாக இன்ஜினியரிங் போனவர். மூன்றாம் வருஷம் விட்டுவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. இப்போது ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கல்யாண வீட்டில் யாராவது ஒரு தாத்தா கட்டாயம் ஆரம்பிப்பார். “இவன் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா இன்னேரம் எங்கேயோ போயிருக்க வேண்டியவன்.” சொல்லிவிட்டு என்னைக் காட்டி, “இவனெல்லாம் இவன் கால் தூசிக்கு வருவானா?” என்பார். பாராட்டுத்தான். அண்ணன் சிரித்துவிட்டுச் சாம்பார் வாளி எடுக்கப் போய்விடுவார். இருபத்தைந்து வருஷமாக அதே சிரிப்பு. 20 வயதில் நிறுத்திவைத்த ஒரு ஆளோடு அவரை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அந்த ஆளிடம் அவர் தோற்றுக்கொண்டே இருக்கிறார்.

வில்ஃபிரட் பெனிடஸைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாம்பார் வாளிதான் ஞாபகம் வரும். புவர்ட்டோ ரிக்கோக்காரர். 1976 மார்ச் 6, தன் 17 வயதில், அன்டோனியோ செர்வான்டஸை 15 ரவுண்டில் ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். அந்த வயதில் அதற்கு முன்னும் யாரும் இல்லை, பின்னும் இல்லை. அடி வருவதற்கு முன்பே தெரிந்துகொள்வார் என்பதால் ‘ரேடார்’ என்று பட்டப்பெயர். 22 வயதில் மூன்று எடைப்பிரிவுகளில் பட்டம் வாங்கிவிட்டார். 1982 ஜனவரியில் ராபர்டோ டுரானையே காற்றைக் குத்த வைத்தார். நடுவில் 1979இல் சுகர் ரே லெனார்டிடம் தோற்றார், அதுவும் 15ஆவது ரவுண்டு முடிய ஆறு வினாடி இருக்கும்போதுதான் ரெஃப்ரி நிறுத்தினார். 1982 டிசம்பரில் தாமஸ் ஹெர்ன்ஸிடம் பட்டம் போனது. அதன்பிறகு ஏணி கீழே மட்டுமே இறங்கியது. 1986இல் அர்ஜென்டினாவில் சண்டைக்குப் போய் அடி வாங்கி, கையில் காசில்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே மாட்டிக்கொண்டார். 1990 வரை ரிங்கில் இருந்தார். வாங்கிய அடிகள் மூளையைத் தின்றுவிட்டன. வருஷக்கணக்காகத் தாயார் பார்த்துக்கொண்டார், அவருக்குப் பிறகு சகோதரி.

இவரைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ‘வீணாக்கினான்’ என்ற சொல் வரும். பயிற்சி என்றாலே ஓடுவார், பார்ட்டி, சோம்பல். உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் 17 வயதில் சாம்பியன், 22இல் மூன்று பட்டங்கள், லெனார்டோடு 15 ரவுண்டு, டுரான் மேல் வெற்றி. இதற்கு மேல் அவர் யாருக்கு என்ன பாக்கி வைத்தார்? அவர் அதிகமாகப் பயிற்சி செய்து இன்னும் பத்து வருடம் உச்சத்தில் நின்றிருந்தால் எங்களுக்கு யூடியூபில் பார்க்க இன்னும் நாலு நல்ல சண்டை கிடைத்திருக்கும். அவருக்கு இன்னும் நானூறு அடி கிடைத்திருக்கும். ‘நிறைவேறாத திறமை’ என்று ரசிகன் பில் போடும்போது அதைக் கட்ட வேண்டியது யாருடைய மண்டை என்பதைப் பார்ப்பதில்லை. பெனிடஸ் குறைவாகச் சண்டையிட்டார் என்பது எங்கள் புகார். அவர் கதையைப் படித்தால் அதிகமாகச் சண்டையிட்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணன் கடையில் உட்கார்ந்து என் போனில் அந்த செர்வான்டஸ் சண்டையைப் போட்டுக் காட்டினேன். அவருக்குப் பாக்சிங்கில் அக்கறை கிடையாது. போர்வெல் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் காயில் போயிருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள், படத்தையும் அப்படித்தான் பார்த்தார். நாலைந்து ரவுண்டு போனபிறகு, “இந்தப் பையன் கையைப் பாக்கலடா, தோளைப் பாக்குறான்” என்றார். பிறகு பெனிடஸுக்கு என்ன ஆனது என்று நான் சொன்னேன். வீணாக்கிவிட்டான் என்று எல்லோரும் சொல்வார்கள் என்பதையும் சொன்னேன்.

“ஜெயிச்சுட்டான்ல?” என்றார்.

“ஜெயிச்சான் அண்ணே.”

“அப்புறம் என்னவாம் அவனுங்களுக்கு?”

ஆர்மெச்சரைத் திருப்பிவைத்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தார். தீர்ப்பு வாசித்தார்கள், பெனிடஸைத் தோளில் தூக்கினார்கள். கூட்டத்துக்கு நடுவில் செர்வான்டஸ் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. அவருக்கு அப்போது 30 வயது, அதுவரை பத்துத் தடவை பட்டத்தைக் காப்பாற்றியிருந்தவர்.

“தோத்தவன் என்ன ஆனான்?”

“அடுத்த வருஷமே அதே பட்டத்தை மறுபடி வாங்கிட்டான் அண்ணே. மூணு வருஷம் வச்சிருந்தான்.”

“அட, பரவால்லையே” என்றார். அதற்குள் டிவிஎஸ் எக்ஸெலில் ஒருவர் தண்ணி சொட்டச் சொட்ட ஒரு மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.